எடை எங்கே குறைந்தது? முதல் ட்ரைபாட் வாங்கும் முன்

கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேல் படிகள். இறங்கும்போது மூன்று கிலோ ட்ரைபாட், அதாவது கேமராவை நிறுத்தும் முக்காலி, ஒரு சுமையாகவே தெரியாது. திரும்பி ஏறும்போது தோள் கழன்றுவிடும். அதனால்தான் வெளியில் போய்ப் படமெடுக்க நினைக்கிற எல்லோரும் கடையில் முதலில் கேட்பது, "வெயிட் கம்மியா என்ன இருக்கு?" என்றுதான். கடைக்காரரும் ஒரு கிலோவுக்குள் ஒன்றை எடுத்து வைப்பார். கையில் வாங்கிப் பார்த்தால் மனசுக்குப் பிடித்துவிடும். அதையே அருவிக்கு முன்னால் விரித்து வைத்து, அரை விநாடிக்கு ஷட்டரைத் திறந்தால், தண்ணீர் மட்டுமா, பாறையும் சேர்ந்து கலங்கி விழும்.

எடை குறைந்தால் உறுதியும் குறையத்தான் செய்யும் என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி உண்மை. ஒரு ட்ரைபாடில் எடையைக் குறைக்க நான்கைந்து இடங்கள் உண்டு. சில இடங்களில் கை வைத்தால் உறுதிக்கு ஒன்றும் ஆகாது, சில சமயம் கூடவே செய்யும். வேறு சில இடங்களில் கை வைத்தால் வாங்கியதே வீண். ஆகவே எடை எவ்வளவு என்று கேட்டதோடு நிற்காமல், அந்த எடை எங்கே குறைந்தது என்றும் கேட்க வேண்டும். அதற்கு ட்ரைபாட் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

எவ்வளவு ஆடினால் படம் கெடும்?

24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.006 மி.மீ. அதில் 200 மி.மீ. லென்ஸ் மாட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமராவின் அடிப்பாகத்தில் 10 செ.மீ. தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகளில் ஒன்று மற்றதைவிட வெறும் 0.003 மி.மீ. தாழ்ந்தால் போதும், பிம்பம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அது. இதே கேமராவில் அகலமான காட்சியைப் பிடிக்கும் 20 மி.மீ. வைட் லென்ஸ் மாட்டினால் பத்து மடங்கு சலுகை கிடைக்கும். நிலக்காட்சி எடுப்பவருக்கு ஒரு ட்ரைபாடும் பறவை எடுப்பவருக்கு வேறு ட்ரைபாடும் தேவைப்படுவது இதனால்தான். உங்கள் பையில் இருக்கும் மிக நீளமான லென்ஸ் எதுவோ, அதுதான் உங்கள் ட்ரைபாடைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்று, அதிர்வுக்கு அளவு மட்டுமல்ல, நேரமும் உண்டு. ஷட்டரை விரலால் அமுக்கும்போது உண்டாகும் ஆட்டம் ஒரு விநாடியிலோ இரண்டு விநாடியிலோ அடங்கும். பால்வீதியை 20 விநாடி எக்ஸ்போஷரில் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) எடுக்கும்போது அந்த முதல் ஒரு விநாடி பெரிய கேடு செய்யாது. 1/1000 விநாடியில் எடுத்தால் ஆட்டம் பதிவாகவே நேரமில்லை. இரண்டுக்கும் நடுவே, சுமார் 1/60 முதல் ஒரு விநாடி வரைதான் ஆபத்தான இடம். எக்ஸ்போஷர் முழுவதுமே ஆட்டத்துக்குள் அடங்கிவிடும். அருவித் தண்ணீரைப் பட்டுப்போலக் காட்ட நாம் வைப்பது கால் விநாடியிலிருந்து ஒரு விநாடி. அதாவது, புதிதாகப் படமெடுப்பவர்கள் ட்ரைபாடை முதன்முதலில் தூக்கிக்கொண்டு போகிற காட்சியே அதற்கு மிகக் கடினமான பரீட்சை.

இப்போதைய கேமராக்களில் உள்ளேயே ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, ட்ரைபாட் எதற்கு என்று கேட்கலாம். வைட் லென்ஸில் அரை விநாடியைக் கையில் பிடித்தே எடுத்துவிடுகிறார்கள், உண்மைதான். ஆனால் விடிவதற்கு முன் ஐஎஸ்ஓ 100 (குறைந்த ஒளியுணர்வு), எஃப்/11 (சிறிய லென்ஸ் துளை) என்று வைத்தால் எக்ஸ்போஷர் பல விநாடிகள் போகும். அதைக் கை தாங்காது. அதைவிட முக்கியம், கேமரா ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் ஃபிரேமின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைக் கண் பார்க்கிறது. என்னைப் பொறுத்தவரை ட்ரைபாடின் பெரிய லாபம் அந்த நிதானம்தான்.

குழாயின் தடிமன்

ட்ரைபாட் கால் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள். ஒரு குழாயின் சுவர்த் தடிமன் மாறாமல் விட்டம் மட்டும் கூடினால், வளையாத தன்மை ஏறத்தாழ விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்பக் கூடும். கணக்காகச் சொன்னால், 22 மி.மீ. குழாயோடு ஒப்பிட்டால் 32 மி.மீ. குழாய் மூன்று மடங்கு விறைப்பானது. எடையோ சுமார் ஒன்றரை மடங்குதான் கூடும். தடித்த குழாய்க்குக் கொடுக்கிற ஒவ்வொரு கிராமும் வேலை செய்கிறது. மெல்லிய குழாயில் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு கிராமுக்கும் பெரிய விலை கொடுக்கிறோம்.

நீளத்துக்கும் இதே மும்மடிக் கணக்கு, ஆனால் தலைகீழாக. அதே குழாயைப் பாதி நீளத்துக்கு மட்டும் இழுத்தால் அது எட்டு மடங்கு குறைவாக வளையும். உயரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் உறுதி இலவசமாக வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி தேவைப்படும்.

அப்புறம் காலில் எத்தனை அடுக்கு என்று பாருங்கள். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட மூன்று மி.மீ. அளவுக்குச் சிறியது. மேல் குழாய் 28 மி.மீ. என்றால் மூன்றடுக்குக் காலில் கடைசிக் குழாய் 22 மி.மீ. இருக்கும். ஐந்தடுக்கானால் 16 மி.மீ.க்கு வந்துவிடும். தரையில் நிற்பது அந்த 16 மி.மீ. குழாய்தான், தூண்டில் கம்பின் நுனி மாதிரி. விளம்பரத்தில் மேல் குழாயின் விட்டத்தைத்தான் பெரிதாகப் போடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது அடிக் குழாயின் விட்டம்.

ஐந்தடுக்கு ட்ரைபாட் மடித்தால் 35, 40 செ.மீ.க்குள் அடங்கிவிடும், பைக்குள்ளேயே போகும். மூன்றடுக்கு 60 செ.மீ. வரை நீண்டு பைக்கு வெளியே தொங்கும். நடந்து மலையேறுகிறவருக்கு நான் சொல்வது நான்கடுக்கு. மேலே 28, அடியில் 19 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் 200 மி.மீ. லென்ஸ் வரை தைரியமாக வைக்கலாம். 150-600 மி.மீ. போன்ற பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் மேல் குழாய் 32 மி.மீ.க்குக் கீழே இறங்க வேண்டாம்.

அலுமினியமா, கார்பனா?

எல்லோரும் அதிக நேரம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இது. அவ்வளவு தேவையில்லை. கார்பன் ஃபைபர் ட்ரைபாடை 1994இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜிட்ஸோ கொண்டுவந்தது. அன்றிலிருந்து எடை குறைவு என்றாலே கார்பன் என்று ஆகிவிட்டது. ஆனால் கார்பன் ஆவது குழாய்கள் மட்டும்தான். கேமரா உட்காரும் தலை, கால்களைப் பிடித்திருக்கும் மேல் தட்டு, இழுத்த குழாய்களை நிறுத்தும் பூட்டுகள் எல்லாம் பெரும்பாலும் உலோகமாகவே இருக்கும். பீக் டிசைன் நிறுவனத்தின் டிராவல் ட்ரைபாட் ஒரே வடிவத்தில் இரண்டு பொருளிலும் வருகிறது. இரண்டுக்கும் எடை வித்தியாசம் சுமார் 300 கிராம். ஒரு சிறிய தண்ணீர் பாட்டில். விலை வித்தியாசமோ ஒன்றரை மடங்குக்கும் மேல்.

கார்பனின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது அதிர்வைச் சீக்கிரம் அடக்கும். அலுமினியக் குழாயைச் சுண்டினால் மணிபோல ஓசை நீளும், கார்பனைச் சுண்டினால் மொத்தென்று நின்றுவிடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி எடுக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு வசதி, விடியற்காலையில் வெறும் கையால் தொடலாம். அலுமினியம் விரலை விறைக்கவைக்கும். அதனாலேயே அதன் ஒரு காலுக்காவது ஸ்பாஞ்ச் உறை போட்டு விற்கிறார்கள்.

பாறையில் கூர்மையாக அடிபட்டால் கார்பன் விரிசல் விடலாம். அலுமினியம் நசுங்கும். நசுங்கிய குழாய் அடுத்த குழாய்க்குள் நுழையாது. ஆக இரண்டையும் பாறையில் போட வேண்டாம். மெல்லிய கார்பன் கால், தடித்த அலுமினியக் கால் இரண்டும் ஒரே விலையில், ஒரே எடையில் எதிரே இருந்தால், யோசிக்காமல் தடித்ததை எடுங்கள்.

உயரமும் நடுத்தண்டும்

எடையைக் குறைக்கச் சரியான இடம் இதுதான். ஆனால் அநேகமாக யாரும் இங்கே குறைக்க முன்வருவதில்லை. எல்லோருக்கும் தலை உயரத்துக்கு நிற்கும் ட்ரைபாட் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் உயரம் 170 செ.மீ. என்றால் கண் இருப்பது சுமார் 158 செ.மீ.யில். பால் ஹெட் (எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டைத் தலை) ஒரு 10 செ.மீ., கேமராவின் அடியிலிருந்து வியூஃபைண்டர் வரை 8 செ.மீ. இரண்டையும் கழித்தால் 140. கால்கள் மட்டும் 140 செ.மீ. இருந்தாலே குனியாமல் பார்க்கலாம். திரையை மேல்நோக்கித் திருப்ப முடிகிற கேமரா என்றால் 125 செ.மீ.கூடத் தாராளம். நல்ல நிலக்காட்சிகள் பல இடுப்பு உயரத்திலோ முழங்கால் உயரத்திலோ எடுத்தவைதான். முன்னால் கிடக்கும் பாறையும் ஈரமணலின் கோடுகளும் அந்த உயரத்தில்தான் படத்துக்குள் வருகின்றன.

"160 செ.மீ. உயரம்" என்று பெட்டியில் போட்டிருந்தால் அது கால்களுக்கு நடுவிலிருந்து மேலே இழுக்கும் நடுத்தண்டை முழுவதும் தூக்கிய அளவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தண்டைத் தூக்கிவிட்டால் மூன்று கால்களின் பலம் ஓரிடத்தில் முடிந்து, அதற்குமேல் ஒற்றைக் குச்சியில் கேமரா நிற்கிறது. கொஞ்சம் காற்று வந்தாலே போதும். தண்டை இறக்கியே வைத்தாலும் அது தரையில் முட்டி, ட்ரைபாடைத் தாழ வைக்க விடாது. தண்டே இல்லாத மாடல், அல்லது கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடிய மாடல் கிடைத்தால் அதுதான் நல்லது. கணிசமான எடை குறையும், உறுதி கூடும். இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் இடம் ட்ரைபாடில் இது ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. மலைச்சரிவில் நிற்கும்போது பள்ளத்துப் பக்கக் கால்கள் 15, 20 செ.மீ. கூடுதலாக நீள வேண்டியிருக்கும். சரிவிலேயே அதிகம் வேலை செய்பவர்கள் உயரத்தில் ரொம்பவும் கஞ்சத்தனம் செய்ய வேண்டாம்.

தலையும் பூட்டும்

நிலக்காட்சிக்குப் பால் ஹெட் போதும். பூட்டியபின் மெல்லத் தலை கவிழ்கிறதா என்பதுதான் சோதனை. நடு ஃபிரேமில் ஒரு புள்ளியை வைத்துப் பூட்டி, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். புள்ளி இறங்கினால் அந்தத் தலை உங்கள் லென்ஸுக்குச் சின்னது. மலிவான ட்ரைபாடோடு வரும் சின்ன பிளாஸ்டிக் தலைகள் பெரும்பாலும் இதில் தோற்கும். நல்ல தலை 300 முதல் 500 கிராம் இருக்கும், அந்த எடையை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். வீடியோ எடுப்பவர் என்றால் கதை வேறு, குலுங்காமல் சீராகத் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட் வேண்டும்.

தலையில் பூட்டிக்கொள்ளக் கேமராவில் மாட்டும் பிளேட் (சின்னத் தகடு) ஆர்கா-ஸ்விஸ் வகையாக இருக்கட்டும், அகலம் சுமார் 38 மி.மீ. பல நிறுவனங்கள் இந்த அளவில் செய்வதால், தொலைந்தால் எந்தப் பெரிய கேமரா கடையிலும் இன்னொன்று கிடைக்கும். அந்தந்தக் கம்பெனியின் தனி வடிவப் பிளேட் தொலைந்தால் அந்தப் பயணம் அத்தோடு முடிந்தது.

பூட்டுகளில் திருகுவதும் உண்டு, நெம்புகோல் போலத் தட்டி மூடுவதும் உண்டு. திருகுப் பூட்டு கச்சிதமாக இருக்கும், பையில் சிக்காது. தட்டும் பூட்டு மூடியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரியும். இதில் உங்கள் கைக்குப் பிடித்ததை எடுங்கள். ஆனால் தனுஷ்கோடி, கன்னியாகுமரி என்று கடற்கரைக்கே அதிகம் போகிறவர் என்றால், கருவி இல்லாமல் பிரித்துக் கழுவ முடிகிற பூட்டாக இருக்கட்டும். மணல் ஒரு தடவை உள்ளே போனால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் நறநறவென்று குழாயைத் தேய்க்கும். உப்புத் தண்ணீர் பட்ட அன்றே நல்ல தண்ணீரில் அலசி, பூட்டுகளைக் கழற்றிக் காயவைத்து, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

கடையில் செய்து பார்க்க வேண்டியது

"15 கிலோ தாங்கும்" என்ற வாசகத்தை நம்பி எதுவும் முடிவு செய்ய வேண்டாம். இதை அளக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை எதுவும் இல்லை. மடங்கி விழாது என்பதற்கும் ஆடாது என்பதற்கும் வெகுதூரம். போட்டிருக்கும் எண், உங்கள் கேமராவும் லென்ஸும் சேர்ந்த எடையைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும் என்பது ஒரு ஆரம்ப வடிகட்டல், அவ்வளவுதான்.

உண்மையான சோதனைக்கு உங்கள் கேமராவையும் நீளமான லென்ஸையும் கடைக்கு எடுத்துப் போங்கள். கால்களை முழுக்க இழுத்து, தண்டை இறக்கி வைத்து, கேமராவை மாட்டுங்கள். எதிர்ச்சாரிக் கடையின் பெயர்ப் பலகையில் ஒரு எழுத்தைக் குறிவைத்து, கேமரா திரையில் காட்சி தெரியும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்குங்கள். திரை முழுக்க அந்த ஒற்றை எழுத்தின் ஓரம்தான் தெரியும். இப்போது காலை ஒரு விரலால் தட்டுங்கள். எழுத்து துள்ளும், பிறகு சின்னச் சின்னதாக அசைந்து அடங்கும். அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். அடுத்த மாடலுக்கும் இதையே செய்யுங்கள். ஒன்றில் மூன்று எண்ணும்வரை ஆடும், மற்றதில் ஒன்று எண்ணி முடிப்பதற்குள் நின்றுவிடும். எந்த விளம்பரத் தாளிலும் இல்லாத தகவல் இது, உங்கள் கண்ணாலேயே கிடைக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை, செய்யுங்கள். தலையைப் பிடித்து இடம் வலமாக லேசாக முறுக்கியும் பாருங்கள். மேல் தட்டில் கால்கள் சேரும் இடம் நெகிழ்ந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வெளியில் நிறுத்தும் விதம்

அதே ட்ரைபாடை நிறுத்தும் விதத்திலேயே பாதி உறுதி இருக்கிறது. தடித்த மேல் அடுக்குகளை முதலில் இழுங்கள், மெல்லிய அடிக் குழாயைக் கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும். ஓடையில் நிறுத்தும்போது மட்டும் இது தலைகீழ்: அடிக் குழாயை முதலில் இழுத்தால் பூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும். சரிவில் இரண்டு கால்கள் பள்ளத்துப் பக்கம், ஒன்று மேட்டுப் பக்கம். சமதளத்தில் ஒரு கால் லென்ஸுக்கு நேர்கீழே. அலை வந்து போகும் மணலில் கால்களை நன்றாக அழுத்தி ஊன்றிவிட்டுத்தான் ஃபிரேம் வைக்க வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்போஷர் நடுவிலேயே ஒரு கால் இறங்கும்.

காற்று அடித்தால் பையை நடுவில் இருக்கும் கொக்கியில் மாட்டலாம். ஆனால் அந்தரத்தில் தொங்கவிட்டால் பையே ஊஞ்சலாடி ட்ரைபாடையும் ஆட்டும். பையின் அடி தரையில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். கேமரா பட்டையைக் கழற்றுங்கள் அல்லது சுருட்டிக் கட்டுங்கள். காற்றில் அது படபடப்பதும் படத்தில் தெரியும். ஷட்டரை விரலால் அமுக்காமல் இரண்டு விநாடி டைமர் வையுங்கள். ட்ரைபாடில் இருப்பதைத் தானே உணராத பழைய லென்ஸ் என்றால் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், இல்லாத ஆட்டத்தைத் திருத்தப் போய் அதுவே ஆட்டிவிடும். பெரிய லென்ஸ்களுக்கு லென்ஸோடு வரும் காலரில் (லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) பிளேட்டை மாட்ட வேண்டும், கேமராவின் அடியில் அல்ல.

போகிற இடத்தின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், தஞ்சைப் பெரிய கோயில் போல இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் கேட்க வேண்டும்.

பட்ஜெட் இடிக்கிறது என்றால், தண்டு கழற்றக்கூடிய, நான்கடுக்கு, 28 மி.மீ. அலுமினியக் கால்களை வாங்குங்கள். இப்போதைக்கு உயரம் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். மிச்சப் பணத்தைத் தலையில் போடுங்கள். பிற்பாடு கார்பன் கால் வாங்கினாலும் அதே தலையை 3/8 அங்குல மரையில் திருகி மாட்டிக்கொள்ளலாம். பழையது வாங்கவும் தயங்க வேண்டாம். லென்ஸ் போல இதில் பூஞ்சை பிடிக்கிற கவலை இல்லை. ஒவ்வொரு குழாயையும் முழுக்க இழுத்து, ஒடுக்கோ விரிசலோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எல்லாப் பூட்டையும் மூடி, மேலிருந்து உங்கள் எடையில் கொஞ்சம் சாய்த்து அமுக்குங்கள். ஏதாவது ஒரு கால் வழுக்கி உள்ளே போனால் விலையைக் குறைக்கப் பேசாமல் வேறு ஒன்றைத் தேடுங்கள்.